உடையாத பீங்கான் பட்டை

டீ வந்ததும் குடிக்க மாட்டார். கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு, சுட்டுவிரல் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டுவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் வாய்க்குப் போகும். விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரே நாங்கள் வழக்கமாகக் குடிக்கும் கடையின் முதலாளி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏங்க, எங்க கட கிளாஸுல அப்பிடி என்னாதாங்க தேடுறீங்க?"

"கீறல் இருக்குதான்னு பாக்கறேன்."

"இருந்தா?"

"இருந்தா வேற கிளாஸுல ஊத்தித் தருவீங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். இவரோடு தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருகிறவன் நான். நானும் சேர்ந்து வம்பில் மாட்டிக்கொள்வானேன்?

பீங்கான் கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் சுண்டிப் பார்ப்பது ஒன்றும் அதிசயமில்லை. சூளையிலிருந்து இறக்கிய ஃபியூஸ் கட்டைகளையும் கோப்பைகளையும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக் கேட்பார்கள். கணீரென்று கேட்டால் ஒரு கூடை, மந்தமாகக் கேட்டால் இன்னொரு கூடை. அவர் பீங்கான் டிப்ளமோ படித்துவிட்டு அப்படி ஒரு கம்பெனியில் சில வருடம் இருந்தவர். அவர் மனைவி இன்னொரு கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். ஆனால் மற்றவர்கள் வேலையை வேலையிடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் பூசணிக்காயைச் சுண்டினார், புதுக் கதவைச் சுண்டினார், நான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹெல்மெட்டைச் சுண்டினார். நான் ஒரு நாள் தலைவலி என்று சொன்னபோது அவர் விரல் மடங்குவதைப் பார்த்து எழுந்து தள்ளி உட்கார்ந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதும் தகுதி எனக்கில்லை. எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு உறுதியான வார்த்தை சொன்னார். அது தப்பாகப் போனது. அப்படிப் போனதற்குக் காரணம் நான். அதை அவர் உயிரோடு இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு மங்கலம்பேட்டை. பதினோரு வருடம் வளைகுடாவில் கட்டட சூப்பர்வைசராக இருந்துவிட்டு, கம்பெனி ஆளைக் குறைத்தபோது திரும்பி வந்தவன். நாற்பதைத் தாண்டி ஊருக்கு வந்தவனுக்கு வேலை தருகிறவர்கள் குறைவு. கடலூரில் ஒரு சின்ன கம்பெனியில் கிடைத்தது. அலை ஊருக்குள் வராமலிருக்கக் கடலோரம் கட்டியிருக்கும் கான்கிரீட் சுவர்களைப் பார்த்து, எங்கே விரிசல், எவ்வளவு ஆபத்து என்று அறிக்கை கொடுக்கும் வேலை. அங்கே அவர்தான் எனக்கு மேலே. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் அவரை "சார்" என்பேன், அவர் என்னை "பாய்" என்பார். ஒரு நாளும் "வா, போ" என்றதில்லை.

பீங்கான் படித்தவருக்கு கான்கிரீட்டில் என்ன வேலை என்று ஆரம்பத்தில் கேட்டேன். "ரெண்டும் மண்ணுதான் பாய். ரெண்டும் விரியறதுக்கு முன்னால சொல்லிட்டுதான் விரியும். நாமதான் காது குடுக்கணும்" என்றார். நான் பதினோரு வருடம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டியவன். அது ஒரு நாளும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

அவரிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் நமக்கு நரை கூடிவிடும். பக்கத்து வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் எங்கள் ஆபீஸ் தெருவில் இருப்பவன் என்பதால் இவரிடம் விசாரித்தார்கள். இவர் போய் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு தடவதான் பாத்தேன். மூணு மாசம் டயம் குடுங்க" என்றார். அவர்கள் மூன்று வாரத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு இவருக்குப் பத்திரிகை மட்டும் வைத்தார்கள். காய்ச்சல் அடித்தால் மனைவி, "இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார். "நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்" என்பார். நல்லா இருக்கிறேன் என்றோ, முடியவில்லை என்றோ அந்த மனிதர் வாயிலிருந்து உடனே வராது.

அவர் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே ஒரு வெள்ளைப் பீங்கான் பட்டையை ஒட்டி, தேதி எழுதி வைத்தார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். யாரோ தன் வீட்டுக்குச் செய்வினை வைத்துவிட்டதாக முடிவு கட்டி, பழமலைநாதர் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து அந்தப் பட்டைமேல் பூசிவிட்டுப் போனார். "எதுக்கு வூட்டுல இதெல்லாம்?" என்று மனைவி சண்டை பிடித்தார். இவருக்கோ விபூதியில் தேதி மறைந்துபோனதுதான் கவலை.

அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுவரில் விரிசல் இருப்பது பெரிய விஷயமில்லை என்பார் அவர். விரிசல் இல்லாத கடல்சுவரை நான் பார்த்ததில்லை. வலை விரித்த மாதிரி மெல்லிசாக ஓடுவது வெறும் தோல், அதை விட்டுவிடலாம். துருக்கறை வழிந்தால் உள்ளே கம்பி வீங்குகிறது என்று அர்த்தம், அதைக் கவனிக்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே வரவர ஒல்லியாகவும் இருந்தால்தான் அவர் முகம் மாறும். அடிமண்ணை அலை அரித்து, சுவர் மெல்லத் தலைசாய்க்கிறது. அப்படி ஒரு விரிசலைக் கண்டால் அது இன்னும் நகர்கிறதா, இல்லை எப்போதோ நகர்ந்து நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. விரிசலின் ஓரம் உப்பில் உதிர்ந்துகொண்டே இருப்பதால் அகலம் அளக்கும் அட்டையை வைத்துப் பார்ப்பதை அவர் நம்ப மாட்டார். அதற்குத்தான் பட்டை. விரல் நீளம், பிஸ்கெட்டைவிட மெல்லிசு. மனைவி வேலை செய்த கம்பெனியில் சொல்லிச் சுட்டு வாங்குவார். ஒரு முகம் பளபளவென்று மெருகேற்றியது, மறுமுகம் சொரசொரப்பு. சொரசொரப்பான முகத்தில் சிமெண்ட் பசை தடவி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவிட்டால் கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொள்ளும். விரிசல் ஒரு மயிரிழை விரிந்தாலும் பட்டை படக்கென்று உடைந்துவிடும். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் தெரியும். உடைந்த பட்டைகளைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டு வைப்பார்.

பளபளப்பான முகத்தில் தேதி எழுதுவோம். உப்புக்காற்றில் இரண்டே வாரத்தில் மை அழிந்துவிடும். மாதாமாதம் தேதி தெரியாமல் நோட்டைப் புரட்டித் தேடுவது பெரிய தலைவலி. அவர் அதைப் பற்றிப் புலம்பாத மாதமில்லை.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே சுவரின் ஒரு துண்டில், மேலே அகலம் கீழே ஒல்லி என்று இரண்டு விரிசல்கள். சரியாக அந்தத் துண்டுக்குப் பின்னால்தான் ஒரு அம்மா டீக்கடை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் வீட்டுக்காரர் படகில் அடிபட்டு இடுப்பு போனவர். கடலுக்குப் போக முடியாது. காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார வைத்துவிடுவார் அந்த அம்மா. அவர் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து வலை பின்னுவார். பேச்சு அதிகம் கிடையாது. நாங்கள் போனால் ஊசியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

நாங்கள் போன முதல் நாளே அந்த அம்மா கேட்டார். "தம்பி, செவுரு நிக்குமா?"

"அடுத்த மாசம் வந்து சொல்றேம்மா."

"எங்க அக்கா பஸ்டாப்புகிட்ட கடைக்கு எடம் தரேன்றா. இது நிக்காதுன்னா நான் இவர இட்டுக்கினு அங்க போயிடுவேன். நிக்கும்னா எதுக்குப் போவணும்? கடலு சத்தம் கேக்காம இந்தாளு சோறு துன்ன மாட்டாரு."

"பாத்துட்டு சொல்றேம்மா."

"நீ ஜோசியக்காரன விட மோசம். அவனாச்சும் துட்டு வாங்கிக்கினு எதையாச்சும் சொல்லுவான்."

அவர் சிரித்தார். வலை பின்னுகிறவரும் சிரித்தார்.

பட்டை ஒட்டியது நோன்பு மாதத்தில். நல்ல வெயில். கடல் உள்வாங்கியிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். சுவரின் கடல் பக்கத்தில் கீழே அவர், மேலே ஏணியில் நான். அவர் வழக்கப்படி, முடித்ததும் இடம் மாறிக்கொண்டு ஒருவர் வேலையை மற்றவர் பார்க்க வேண்டும். ஒட்டும்போதும் சரி, மாதாமாதம் பார்க்கும்போதும் சரி, இரண்டு ஜோடிக் கண் படாத விரிசல் அவர் நோட்டில் ஏறாது.

மேலே எனக்கு நான்கு பட்டைகள். கையில் எடுத்தபோது எனக்கு ஒரு புத்தி தோன்றியது. மை அழிவது பளபளப்பான முகத்தில்தானே? திருப்பி ஒட்டினால் என்ன? சொரசொரப்பான முகம் வெளியே வந்தால் மையை உறிஞ்சிக்கொள்ளும், ஜென்மத்துக்கும் அழியாது. பளபளப்பான முகத்தில் பசையைத் தடவி நான்கையும் ஒட்டினேன். தேதியைப் பெரிதாக எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவரே பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். பதினோரு வருட அனுபவம் உள்ளவன் அல்லவா நான்.

மெருகேற்றிய முகத்தில் சிமெண்ட் பிடிக்காது; விரிசல் விரிந்தாலும் பட்டை உடையாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். இது அவர் ஊரில் பட்டை சுடுகிற கூலிக்காரருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்து நான் ஏணியிலிருந்து இறங்கியபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். "நான் ஏறிப் பாக்கறதுக்காக நோம்பு நேரத்துல ஒங்கள ஏணியப் புடிச்சிக்கிட்டு வெயில்ல நிக்க வைக்க வேணாம் பாய். நீங்க போயி நெழல்ல உக்காருங்க. இந்த ஒரு தடவ போதும்" என்றார். அந்த அம்மாவிடம் விசிறி வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். அன்று முழுக்க அவர் என் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் போனோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், தேதி அப்பிடியே இருக்குதே. இங்கேருந்தே படிக்க முடியுது. என்னா மை வாங்குனீங்க?"

"நல்ல மையாப் பாத்து வாங்கினேன் சார்."

"இத்தினி வருஷமா எனக்குத் தோணல பாருங்க."

அவர் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு சின்னப் பொய்யைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். கீழே இருந்தே தேதியும் தெரிகிறது, பட்டை முழுசாக இருப்பதும் தெரிகிறது. அப்புறம் ஏணியில் ஏறி என் வேலையைப் பார்க்க அவருக்கு அவசியம் என்ன? அன்று முதல் இடம் மாறுவது நின்றுபோனது. நான் மேலேயிருந்து "ஒடையல சார்" என்பேன். அவர் நோட்டில் எழுதுவார். கீழே அவர் ஒட்டிய பட்டைகளும் உடையவில்லை. தலைசாய்க்கிற சுவரில் கீழே நகர்ச்சி இருக்காது, மேலேதான் இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மூன்றாவது மாதம் அந்த அம்மா நோட்டைப் பிடித்துக்கொண்டார். "எங்க அக்கா ஒரு வாரம்தான் கெடு குடுத்திருக்கா தம்பி. அப்பறம் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவா. இன்னிக்கு நீ சொல்லித்தான் ஆவணும். நிக்குமா, நிக்காதா?"

அவர் நோட்டைப் புரட்டினார். மூன்று மாதமும் ஒரே வார்த்தை. சுவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். வலை பின்னுகிறவர் ஊசியை நிறுத்திவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கும்மா. இந்த மழைக்கு ஒண்ணும் ஆவாது."

நான் அவரிடம் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை. அந்த அம்மா முகம் மலர்ந்துபோய் இரண்டு டீ போட்டுக் கொடுத்தார். எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்று அவர் கிளாஸைச் சுண்டவில்லை.

மழைக்காலத்தில் கடலில் ஒரு புயல்சின்னம் உருவாகி இரண்டு நாள் அலை சுவரை அடித்தது. இரண்டு நாளும் சுவர் நின்றது. மூன்றாம் நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. சனங்கள் வெளியே வந்தார்கள். அந்த அம்மா வீட்டுக்காரரைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, பாய்லரைப் பற்றவைக்கப் போனார். இரண்டு விரிசலுக்கும் நடுவில் இருந்த துண்டு கடல் பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இருந்த மண்ணும் கூடவே சரிந்தது. சாய்ந்து உட்கார்ந்திருந்தவரும் போனார். அவரை எடுக்க மத்தியானம் ஆனது.

நாங்கள் போனபோது பெரிய கூட்டம். அவர் இறங்கி, விழுந்து கிடந்த கான்கிரீட் துண்டின் அருகே போனார். நான் ஒட்டிய நான்கில் ஒன்று அதில் இருந்தது. உடையவில்லை. ஒரு முனை காற்றில் நின்றது. விரிசலின் அந்தப் பக்கச் சுவர் அதை விட்டுவிட்டுப் போய்விட்டிருந்தது. விரலால் தொட்டதும் பட்டை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. திருப்பினார். மெருகேற்றிய முகம் அடியில் இருந்தது. மறுபடி திருப்பி, சொரசொரப்பில் என் கையெழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சாப்டீங்களா பாய்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

விசாரணை ஆபீசில் நடந்தது. முதலாளியும் அரசாங்க இன்ஜினியர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டையை ஒட்டியது யார் என்று கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "ஒட்டுனதும் நான், பாத்ததும் நான். நிக்கும்னு சொன்னதும் நான்தாங்க." என் வாய் திறக்கும் முன்பே என்று எழுதுகிறேன். அது பொய். அவர் சொல்லி முடித்த பிறகும் எனக்கு நிறைய நேரம் இருந்தது. மூடிக்கொண்டுதான் இருந்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் ஒன்று. ஒரு உயிர் போன பழி என்மேல் வருமே என்ற பயம் இன்னொன்று. அன்றோடு அவர் வேலை போனது. இரண்டு மாதம் கழித்து அவருடைய மேசைக்கு என்னை மாற்றினார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

அவர் பழையபடி ஃபியூஸ் கட்டை கம்பெனிக்கே போனார். பெண்கள் மட்டும் உட்காரும் தட்டிப் பார்க்கும் மேசையில் ஒரே ஆம்பளை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, எப்படியும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு பஸ் ஏறிப் போனேன். இரண்டு கட்டைகளைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், அந்தப் பட்டை..."

"சாப்டீங்களா பாய்?"

"சாப்ட்டேன் சார்."

"வெயில்ல ஏன் அலையறீங்க. டீ சொல்றேன் இருங்க."

டீ வந்தது. நான் சொல்ல வந்ததை அவர் கேட்கத் தயாராக இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன வருடம் கோடையில் அவர் இறந்துபோனார். மார்வலி. முதல் நாளே இருந்திருக்கிறது. "எப்படிங்க இருக்குது?" என்று மனைவி கேட்டதற்கு, "நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்" என்றாராம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்தப் பேச்சை வைத்து எத்தனை நாள் அவரைக் கிண்டல் செய்திருப்பேன்.

காரியம் முடிந்து எட்டு, ஒன்பது மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்து வரச் சொன்னார். அந்தப் பழைய பிஸ்கெட் டின்னைத் திறந்து வைத்தார். உள்ளே உடைந்த பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு சுவர். அடியில் ஒரு துணியில் சுற்றியது மட்டும் உடையாமல் இருந்தது.

"இது ஒங்க எழுத்துதானேங்க பாய்? இத மட்டும் ஒங்ககிட்ட குடுக்கணும்னு ஒரு தடவ சொன்னாரு. எப்பன்னு கேட்டேன். பாப்போம்னுட்டாரு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்க. இதுல என்னாங்க இருக்குது?"

அவர் மனைவியிடம் அன்றைக்குச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மைக்குக் கண் எழுதும் அந்த விரலால் மெருகேற்றிய முகத்தை ஒரு தடவை தடவினார். "இது ஒட்டாதேங்க பாய்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பட்டையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். இடிந்த இடத்தில் இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். டீக்கடை கொஞ்சம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன். நான்தான் ஒட்டினேன், தப்பாக ஒட்டினேன், அவர் என்மேல் வைத்த நம்பிக்கையில்தான் நிற்கும் என்று உங்களிடம் சொன்னார், விசாரணையில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பாறாங்கல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம வருவாரு அந்தத் தம்பி" என்றார்.

எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

"மொத வாட்டி வந்தப்ப மண்ண வாரி மூஞ்சில அடிச்சேன். தொடச்சிக்கினு நின்னாரு. நாந்தாம்மா சரியா பாக்கலன்னாரு. அதுக்கப்பறம் நான் பேசறதில்ல. வருவாரு, தோ அந்தக் கல்லுகிட்ட நிப்பாரு, போயிடுவாரு. போன வருஷம் ஒரு நாள் நல்ல வெயிலு. மாரத் தடவிக்கினே வந்தாரு. ஒரு டீ குடும்மான்னாரு. இத்தினி வருஷத்துல அன்னிக்குத்தான் வாயத் தொறந்து கேட்டாரு. பாலு இல்லன்னுட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாலு இருந்துது பாய்."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய்லர் பக்கம் திரும்பினார்.

"நெறைய மாசமா ஆளக் காணோம். வரச் சொல்லு. நான் கூப்ட்டேன்னு சொல்லு. சொன்னா வருவாரு."

சொன்னேன். போன கோடையிலேயே போய்விட்டார் என்று சொன்னேன்.

அந்த அம்மா கை அப்படியே நின்றது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், மண்ணை வாரி அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷம் முன்ன வந்து சொல்லியிருந்தா ஆவாதா பாய்?" என்று மட்டும் கேட்டார். "அதுக்கும் முன்னாடி வந்திருந்தா ஆவாதா?"

பாலைச் சூடாக்கினார். நிதானமாக ஒரு டீ போட்டார். கிளாஸை நன்றாக அலம்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊற்றிக் கொண்டுவந்து பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். நான் கையை நீட்டினேன்.

"அது ஒனக்கில்ல" என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.